கல்லாதான் பெயர் காமுகன் பெயரான கதை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஆங்கிலச் சொல். அதுவும் பெரியோர் கூடிய அவையிற் சொல்ல நாம் தயங்கும் சொல். 'லூட்' என்பது அச்சொல். 'இத்தகைய சொல்லை ஆராய்ந்து ஆவதென்ன?' என்று சிலர் எண்ணலாம். ஆயின் மனிதருக்கு வரலாறு இருப்பதுபோலச் சொற்களுக்கும் வரலாறு உண்டு. உயர் குலத்துச் சொற்களின் வரலாற்றைவிட, இழிந்து போன சொற்களின் வரலாறு நமக்குக் கற்பிப்பது சில வேளைகளில் அதிகமாகவும் இருக்கும். அவை எவ்வாறு இழிந்தன, அவற்றை இழியச் செய்தவர் யாவர் என்று கேட்டால், விடையில் நமது முகமும் சற்றே தெரியக்கூடும்.

முதலில் இச்சொல்லின் இன்றைய பொருளைப் பார்ப்போம். 'லூட்' என்பது பெயருக்கு அடையாக வரும் சொல். நாணமின்றிக் காம இச்சையை வெளிக்காட்டுகின்ற, ஆபாசமான என்பது அதன் கருத்து. பார்வை, சைகை, பேச்சு, பாட்டு, படம் ஆகியவற்றுக்கு இதனை அடையாக்குவர். கணவன் மனைவியரிடையே உள்ள இயல்பான அன்பை இச்சொல்லாற் குறிப்பதில்லை. காணக் கூடாதவர் காணவும் கேட்கக் கூடாதவர் கேட்கவும் வரம்பு மீறி வெளிப்படும் இச்சையையே இது குறிக்கும். ஆகவே கண்டனம் இச்சொல்லின் உள்ளேயே குடியிருக்கின்றது.

இக்கருத்துடைய சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் பல உள. 'லசீவியஸ்' என்பது இலத்தீனிலிருந்து வந்தது. அம்மொழியில் அதன் மூலச்சொல் துள்ளி விளையாடும் ஆட்டுக்குட்டிக்குக் கூட அடையாக வந்தது. 'சலேசியஸ்' என்பதும் இலத்தீன் வழி வந்ததே. பாய்தல், குதித்தல் என்பது அதன் அடிப்பொருள். 'லெச்சரஸ்' என்பது பழைய பிரெஞ்சு மொழியில் நக்குதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. இவையெல்லாம் உடலின் செய்கையிலிருந்தோ விலங்கின் செய்கையிலிருந்தோ தோன்றியவை. அவை காமத்தைக் குறிக்க வந்ததில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் 'லூட்' என்ற சொல்லின் பிறப்பில் உடலும் இல்லை, விலங்கும் இல்லை, காமமும் இல்லை. அதன் முதற்பொருள் 'துறவியோ குருவோ அல்லாதவன்' என்பதே!

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'லேவெடெ' என்று வழங்கியது. அக்காலத்து இங்கிலாந்தில் மக்களை இரு பிரிவினராகக் கண்டனர். திருச்சபையிற் குருப்பட்டம் பெற்றோரும் மடத்துத் துறவியரும் ஒரு பிரிவினர். உழுவோர், போர் புரிவோர், மனைவி மக்களோடு வாழ்வோர் யாவரும் மற்றப் பிரிவினர். இவ்விரண்டாம் பிரிவினரே 'லேவெடெ' மக்கள். இச்சொல்லின் வேர் யாதென்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பொதுமக்களைக் குறிக்கும் 'லாயிக்கஸ்' என்ற இலத்தீன் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவோரும் உளர். அதனை ஏற்காதோரும் உளர். வேர் எதுவாயினும், முதற்பொருளில் ஐயமில்லை. 990ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஆங்கிலத்தில் மறையுரைகள் பல இயற்றிய எல்பிரிக் என்னும் துறவி இச்சொல்லைப் பன்முறை ஆண்டுள்ளார். இலத்தீன் அறியாத மக்களுக்காகவே தாய்மொழியில் எழுதியவர் அவர். அவருடைய எழுத்தில் இச்சொல் வசைச்சொல் அன்று. இல்லறத்தாரைக் குறிக்க வந்த வெறும் பெயரே அது.

பின்னர்ப் பொருள் ஒரு படி நகர்ந்தது. அக்காலத்தில் எழுத்தறிவு பெரும்பாலும் மடங்களிலும் ஆலயங்களிலுமே இருந்தது. குருவானவன் கற்றவன், குருவல்லாதவன் கல்லாதவன். ஆகவே 13ஆம் நூற்றாண்டளவில் 'லெவெட்' என்று குறுகிய இச்சொல், கல்லாதவன் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. 'கற்றோரும் கல்லாதோரும்' என்று இருசொற் சேர்த்துச் சொன்னால் ஊர் முழுவதும் அடங்கிற்று. 1303இல் உரொபட் மன்னிங் என்னும் துறவி, பாவங்களை விளக்கும் செய்யுள் நூலொன்றைத் தொடங்கினார். 'லெவெட்' மக்களுக்காகவே ஆங்கிலத்தில் இதனைச் செய்கின்றேன் என்று அவர் தமது நோக்கத்தைச் சொல்லியிருக்கின்றார். 1338இல் முடித்த வரலாற்று நூலிலும், கற்றோர்க்கன்று, கல்லாதார்க்கே எழுதுகின்றேன் என்ற கருத்தை வெளியிட்டார். இங்கே இச்சொல்லில் இரக்கம் இருக்கின்றது, இகழ்ச்சி இல்லை.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவது இவ்வரலாற்றின் நடுநாயகமான செய்தி. 1380களில் ஜோன் விக்கிளிவ் என்பாரைச் சூழ்ந்த அறிஞர் விவிலியத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தனர். அப்போஸ்தலர் பணிகள் நூலின் நான்காம் அதிகாரத்திலே, பேதுருவும் யோவானும் தலைவர்களின் சபை முன் அஞ்சாது பேசிய நிகழ்ச்சி வருகின்றது. இவர்கள் பள்ளியிற் பயிலாத எளிய மனிதராயிற்றே என்று சபையோர் வியக்கின்றனர். அவ்விடத்திலே பேதுருவுக்கும் யோவானுக்கும் அந்த மொழிபெயர்ப்பு இட்ட அடைமொழி எது தெரியுமா? 'லூட்' என்ற இதே சொல்தான்! இன்று அச்சொல்லைக் கேட்போருக்கு அது தெய்வநிந்தை போலத் தோன்றும். அன்று அதில் யாதொரு குற்றமும் இல்லை. நூலறிவு பெறாத எளியவர் என்பதே அதன் கருத்து. 1611இல் மன்னன் ஜேம்ஸ் காலத்து மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் அச்சொல்லை விலக்கி, அறியாதவர் என்ற கருத்துடைய வேறு சொல்லைப் பெய்தனர். இடைப்பட்ட ஏறத்தாழ 230 ஆண்டுகளில், ஒரு திருத்தொண்டருக்கு அடையாக இருக்கும் தகுதியை இச்சொல் இழந்துவிட்டது.

இழப்பு எப்போது தொடங்கியது? அந்த 14ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1400இல் மறைந்த பெருங்கவிஞர் சோசரின் எழுத்திலே பழைய பொருளையும் புதிய பொருளையும் அருகருகே காணலாம். 'கன்ரபரிக் கதைகள்' என்னும் நூலின் முகவுரையில் ஏழைப் பங்குக் குருவொருவரைப் பற்றிச் சொல்லுமிடத்து, வழிகாட்டியே கெட்டால் 'லெவெட்' மனிதன் கெடுவதில் வியப்பில்லை என்ற கருத்தை வைக்கின்றார். இங்கே சொல்லின் பொருள் பாமர இல்லறத்தான் என்பதே. 1391ஐ ஒட்டி, பத்து வயதுடைய தமது மைந்தன் லூயிஸ் பயில்வதற்காக, விண்மீன்களை அளக்கும் கருவியொன்றைப் பற்றி அவர் ஓர் உரைநடை நூல் எழுதினார். அதில் தம்மையே அவர் ஒரு 'லெவெட்' தொகுப்பாசிரியன் என்று கூறிக்கொள்கின்றார். 'யான் கல்வி நிரம்பாதவன்' என்ற அவையடக்கம் அது. ஆனால் கதைகளின் வேறிடங்களில் இதே சொல், குடிவெறியிற் பிதற்றும் கீழ்த்தரமான பேச்சுக்கும் காமக் களியாட்டுக்கும் அடையாகின்றது. ஒரே புலவர், ஒரே சொல், இரு பொருள். ஆற்றின் இரு கரையையும் ஒருசேரக் காட்டும் இடம் அது.

கற்றவன், கல்லாதவன் என்ற வேறுபாடு அக்காலத்தில் வெறும் மதிப்புப் பற்றியது மட்டுமன்று. உயிர் பற்றியதாகவும் இருந்தது. குருமாரை அரசனுடைய நீதிமன்றம் தூக்கிலிடலாகாது என்ற சலுகை இங்கிலாந்தில் இருந்தது. குரு என்பதற்குச் சான்று வாசிக்கும் ஆற்றல். காலப்போக்கில் வாசிக்கத் தெரிந்த எவனும் இச்சலுகையைக் கோரலாயிற்று. குற்றவாளி முன் சங்கீத நூலை நீட்டுவர். 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை வாசித்தால் உயிர் தப்பினான். அதனால் அவ்வசனத்துக்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர் வழங்கிற்று. குருப்பட்டம் பெறாதவன் இச்சலுகையை ஒருமுறைக்கு மேற் பெறாதிருக்கும்படி, 1489இல் இயற்றிய சட்டம் அவன் பெருவிரலிற் சூடு போடச் செய்தது. 1598இல் நாடக ஆசிரியர் பென் ஜோன்சன் இருவர் போரில் நடிகரொருவரைக் கொன்றுவிட்டு, இந்த வாசிப்பினாலேயே தூக்குமேடைக்குத் தப்பினார். பெருவிரலில் அடையாளம் பெற்றார். அதே குற்றத்தைச் செய்த எழுத்தறியா உழவன் தூங்கினான். வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனை 1706இலேதான் நீங்கிற்று. சலுகை முழுவதும் 1827இல் ஒழிந்தது.

உயிருக்கே இவ்வளவு வேறுபாடு காட்டிய சமுதாயம் சொல்லில் வேறுபாடு காட்டாதா? கல்லாதவன் என்ற பொருள் கீழ்மகன் என்றாயிற்று. கீழ்மகன் என்பது தீயவன் என்றாயிற்று. சேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்திலே, குடிகாரரோடு திரியும் இளவரசனை அரசன் கடியுமிடத்து இச்சொல் வருகின்றது. அங்கே அதன் பொருள் காமம் அன்று. குலத்துக்கு ஒவ்வாத கீழ்மை. முன்னர்ச் சொன்ன 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலே, அப்போஸ்தலர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில், சந்தையிற் கூடிக் கலகம் விளைத்த போக்கிரிகளுக்கு இது அடையாக வருகின்றது. அதே விவிலியத்தின் எசேக்கியேல் நூலில் இதன் பண்புப்பெயர் காமக் கேட்டைக் குறிக்கின்றது. 1881இல் அப்புதிய ஏற்பாட்டைத் திருத்தியவர்கள், போக்கிரிகளைக் குறித்த இடத்தில் இதனை நீக்கி, இழிந்த என்ற பொருளுடைய வேறு சொல்லை இட்டனர். காரணம் வெளிப்படை. அதற்குள் காமப் பொருள் ஒன்றே எஞ்சிவிட்டது.

சட்டமும் அதனை உறுதிசெய்தது. இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தில், பொது இடத்தில் உடலை வெளிக்காட்டும் குற்றத்தை விபரிக்குமிடத்து இச்சொல்லின் வினையடை இடம்பெற்றது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், திருமணமின்றிச் சேர்ந்து வாழ்தலை இச்சொல்லாலும் 'லசீவியஸ்' என்பதன் வடிவத்தாலும் குறித்துத் தடைசெய்த 1868ஆம் ஆண்டுச் சட்டம், 2016இலேதான் நீக்கப்பெற்றது.

இனி, இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாதென ஆராய்வோம். கல்லாமையிலிருந்து காமத்துக்குப் பாதை எங்ஙனம் அமைந்தது? எனக்குத் தோன்றுவது இது. அக்காலத்தில் எழுதுகோல் இருந்தது துறவியர் கையில். 1139இல் உரோமையிற் கூடிய இரண்டாம் இலாத்தரன் சங்கம் குருமாரின் திருமணம் செல்லாது என்று விதித்தது. அதன் பின் குருவென்றால் காமத்தை வென்றவன், இல்லறத்தான் என்றால் உடலின் வயப்பட்டவன் என்ற எண்ணம் வலுத்தது. 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்தல் வேண்டும் என்றது. அதனைத் தொடர்ந்து பாவங்களை விளக்கும் நூல்கள் பெருகின. 'லெவெட்' மக்களுக்கென எழுதப்பெற்றவை அந்நூல்களே. எந்த ஏட்டைப் பிரித்தாலும் அவர்களின் பெயரும் பாவத்தின் பெயரும் ஒரே பக்கத்தில் நின்றன. நாளடைவில் அயலில் நின்ற பாவம் பெயருக்குள்ளேயே புகுந்துவிட்டது. தம்மைப்பற்றி எழுதப்படுவதைப் படித்து மறுக்க அம்மக்களுக்கு எழுத்துத் தெரியாது. எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவனுக்கு இட்ட பெயர்தான் நிலைத்தது.

கற்றவர் யாவரும் காமத்தை வென்றிருந்தனரா என்றால், அதற்கும் சோசரே சான்று. திருச்சபை நீதிமன்றத்துக்கு ஆட்களை அழைத்து வரும் சேவகன் ஒருவனை அவர் வருணிக்கின்றார். அவன் பெருங்காமுகன். மது ஏறினால், மன்றத்திற் கேட்டுப் பழகிய இரண்டு மூன்று இலத்தீன் தொடர்களைக் கிளிப்பிள்ளைபோல உளறுவான். அந்த இலத்தீன் அவன் ஒழுக்கத்தைக் காக்கவில்லை.

இவ்வாறு இழிந்தது இச்சொல் ஒன்று மட்டுமன்று. 'வில்லன்' என்பவன் இன்று நாடகத்துக் கொடியவன். முதலில் அவன் பண்ணையைச் சார்ந்து வாழ்ந்த குடியானவன். 'சேர்ல்' என்பது முரடனைக் குறிக்கும். முதலில் அடிமையல்லாத சாதாரண குடிமகனைக் குறித்தது. 'வல்கர்' என்றால் நயமற்ற, ஆபாசமான என்பர். அதன் வேர் பொதுமக்கள் என்ற பொருளுடையது. 'வான்ரன்' என்ற சொல்லும் காம இச்சைக்கு அடையாவதே. அதன் பழைய உறுப்புக்களைப் பிரித்தால், 'நல்வழியில் வளர்க்கப்படாத' என்ற பொருள் வரும். கட்டுப்பாடில்லாத பிள்ளையையும் அது குறித்தது. குடியானவன், ஏழை, பயிற்சியில்லாதவன் ஆகியோரின் பெயர்களே வசையாக மாறியிருப்பதைப் பாருங்கள்.

மறுபக்கத்தில், குருவைக் குறித்த சொல் என்னவாயிற்று? அது 'கிளாக்' என்றாகி, வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவனைக் குறித்து, இறுதியில் அலுவலகத்தில் எழுதுவினைஞரைக் குறிக்கலாயிற்று. ஆங்கில ஆட்சியோடு கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. 'கிளாக்கர்' வேலைக்காக யாழ்ப்பாணத்துத் தந்தையர் காணி விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்ததை நாம் அறிவோம். ஒரே காலத்தில் இணையாக நின்ற இரு சொற்களில் ஒன்று மேசையில் அமர்ந்தது; மற்றது தெருவில் இழிந்தது.

சொல் இழிவதே விதி என்று கொள்ளவும் வேண்டா. 'நைஸ்' என்ற சொல் இலத்தீனில் அறியாதவன் என்ற பொருளிற் பிறந்து, ஆங்கிலத்தில் மூடன் என்றிருந்து, பின்னர் இனிய, நல்ல என்றாகி உயர்ந்தது. நம் மொழியிலும் இருவகை மாற்றமும் உண்டு. மணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்தச் செய்கின்றது. 250 குறள்களைத் தன்னகத்தே கொண்ட திருக்குறளின் மூன்றாம் பகுதி காமத்துப்பால்; அங்கே காமம் என்பது தூய காதலின்பம். இன்று அச்சொல்லைக் கூசி, இன்பத்துப்பால் என்போரும் உளர். வடமொழியில் இழிந்தவன், அறிவிலி என்ற பொருளுடைய 'பாமரன்' என்னும் சொல்லோ, தமிழிற் பாமர மக்கள் என்று பரிவோடு வழங்குகின்றது. ஆனால் கையொப்பமிடத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று பட்டப்பெயராற் சுட்டும் வழக்கும் நம்மிடையே உண்டு. பெருவிரல் அடையாளத்தை மனிதனின் பெயராக்கும் அவ்வழக்கு எவ்வகையிலும் உயர்ந்ததன்று.

இதனை நான் பிறரைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. 1990களின் நடுப்பகுதியில், ஆசிரியப் பணியிற் புதிதாக அமர்ந்திருந்த காலத்தில், ஒரு கிராமத்துப் பாடசாலையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிக்கின்றேன். என் வகுப்பு மாணவன் ஒருவன் கொப்பியின் பின்பக்கத்தில் ஆபாசமான படமொன்றை வரைந்து, கீழே இரண்டு வரி எழுதியும் வைத்திருந்தான். பதினான்கு வயதுப் பையன். கொப்பியைக் கைப்பற்றிய நான் ஆசிரியர் அறையில், 'படியாத வீட்டுப் பிள்ளை, வேறென்ன வரும்?' என்று சொன்னேன். உடனிருந்தோரும் ஆமென்றனர்.

மறுநாள் தந்தையார் வந்தார். தோட்ட வேலையிற் கைகள் காய்த்துப் போன மனிதர். கடிதத்திற் பெருவிரல் அடையாளம் வைத்துவிட்டு, கொப்பியை வாங்கிப் பார்த்தார். படத்தைக் கண்டு தலை குனிந்தார். பிறகு என்னிடம் அதனை நீட்டி, "ஐயா, எனக்கு எழுத்துத் தெரியாது. அவன் கீழை என்ன எழுதினவன் எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

என்னால் வாசிக்க இயலவில்லை. அவ்விரண்டு வரியையும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என் நா எழவில்லை. "கூடாத சொல்" என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் நின்றார். "எங்கட வீட்டிலை அப்பிடிக் கதைக்கிறேல்லை, ஐயா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஓர் உண்மையை அறிவிப்பவர்போலச் சொன்னார். அவர் சொன்னது உண்மையென்று எனக்குத் தெரிந்தது. அந்த வரிகளை எழுதுதற்குரிய எழுத்தைப் பையன் கற்றது அவர் வீட்டிலன்று, எங்கள் பாடசாலையிலே. எழுத்து அவனுக்குக் கொடுத்தோம். அதனோடு கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோமா என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

பையனை நான் பின்னர்த் தண்டிக்கவில்லை; அழைத்துப் பேசினேன். ஆனால் ஆசிரியர் அறையிற் சொன்ன சொல்லை, அதே அறையில், அதே ஆசிரியர்கள் முன் திரும்பப் பெற எனக்குச் சில நாட்கள் சென்றன.

நேயர்களே, கல்வி உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் வாழ்நாளை அதற்கே கொடுத்திருக்கின்றேன். ஆயின் கல்லாமை வேறு, ஒழுக்கமின்மை வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ஆங்கில மொழி ஒரு சொல்லைச் செய்துவைத்தது. அதனைச் செய்ய அதற்குச் சில நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. ஆசிரியர் அறையில் எனக்கோ ஒரு வாக்கியமே போதுமாயிருந்தது. இனி அகராதியில் அச்சொல்லைக் காணும்போது, அதன் அடியிலே பேதுருவும் யோவானும் நிற்கின்றனர் என்பதை நினைவிற் கொள்வோமாக.